ஐந்தாவது பூ

டெலிபோன் அலறியது!

ஸ்னெஷானா எடுக்கவில்லை. இரண்டு கைகளிலும் கருகிய குடைமிளகாய்த் தோல்.

பால்கனியில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கணவன் ரங்கெல், சுட்ட மிளகாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் தொக்குக்காக உரித்தாள். செப்டம்பர் வந்தால் பெர்னிக் நகரத்தில் எல்லாப் பால்கனிகளிலும் இதே வேலை, இதே வாசனை.

"போனை எடுய்யா."

"மாட்டேன். ஸ்தாமென்தான்."

"பார்க்காமலே தெரியுமா?"

"நமக்கு வேற யாருடி போன் பண்றா?"

மணி நின்றது.

மறுபடியும் அலறியது!

உருக்காலையில் ஆள் குறைத்தபோது ரங்கெலின் வேலை போனது. வங்கிக்குப் போனான். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். ஃப்ரிட்ஜ் தவணை பாக்கி, டிவி தவணை பாக்கி. உதட்டைப் பிதுக்கினாள். வேலை இல்லை... கடன் மதிப்பெண் அதைவிட மோசம்! அடுத்த வங்கியிலும் அதே பிதுக்கல். அதற்கடுத்த வங்கியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் ஸ்தாமென். மார்க்கெட் முனையில் அடகுக்கடை வைத்திருப்பவன். அவன் மதிப்பெண் கேட்கவில்லை. சரக்கு ஏற்றிப் பிழைக்க ஒரு பழைய வேன் வாங்கப் பணம் கொடுத்தான். ஒரே ஒரு நிபந்தனை. ரங்கெல் பெயரில் ஆயுள் காப்பீடு. ரங்கெல் செத்தால் பணம் ஸ்தாமெனுக்கு!

"நீ நூறு வயசு இருக்கணும்னுதான் வேண்டிக்குவேன் தம்பி" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினான்.

கோடை முடிவதற்குள் வேன் நின்றுபோனது. வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது.

ரங்கெல் அடுப்பை அணைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தாளோடு வந்தான்.

"ஸ்னெஷி... நான் செத்துட்டேன்."

கறுப்பு விளிம்பு. மேலே சிலுவை. நடுவில் தொழிற்சங்க அட்டையில் இருந்த அவன் போட்டோ. கண்ணீர் அஞ்சலி!

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"வாசக்கதவு, மரம், பஸ் ஸ்டாப்... ஊர் பூரா இந்த நோட்டீஸ்தானே ஒட்டிக் கிடக்கு. எவனாவது நின்னு நிஜமான்னு விசாரிச்சிருக்கானா?"

"சாவு நோட்டீஸ்ல யாருய்யா பொய் எழுதுவா?"

"அதான்! எழுத மாட்டாங்கன்னு எல்லாரும் நம்புறாங்கல்ல? ஸ்தாமென் கடன் என் பேர்ல மட்டும்தான் இருக்கு. நான் கீழ நிலவறையில பதுங்கிக்கறேன். புதன்கிழமை மதியம் பஸ். ஸ்பெயின்ல உன் தம்பியோட ஆரஞ்சு பறிக்கப் போறேன். காசு சேர்ந்ததும் உன்னைக் கூப்பிட்டுக்கறேன்."

"நான் என்ன பண்ணணும்?"

"கறுப்புத் துணி போட்டுக்கிட்டு அழணும். அழத் தெரியும்ல?"

"உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து அதானே பழக்கம்!"

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

திங்கட்கிழமை காலை நோட்டீஸ் கட்டடத்தின் வாசல் கதவில் ஏறியது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு த்சோன்கா. கையில் இரண்டு சாமந்தி. இழவு வீட்டுக்கு இரட்டைப்படையில்தான் பூ. ஒற்றைப்படை உயிரோடு இருப்பவர்களுக்கு. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

"ஐயோ ஸ்னெஷானா! நேத்துகூட மிளகாய் சுட்டுக்கிட்டிருந்தாரேடி! உடம்பு எங்க?"

"சோஃபியா ஆஸ்பத்திரியில அக்கா... அந்த ஊர்லயே எரிச்சிடுறாங்க."

"ஒரு முத்தம் கொடுத்து அனுப்பக்கூட விடலியே பாவிங்க!"

த்சோன்கா நிஜமாகவே அழுதாள். ஸ்னெஷானாவுக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்தாமென் வந்தான். வழுக்கைத் தலை, தோல் கோட்டு, கையில் சிவப்பு கார்னேஷன் கொத்து.

"நல்ல மனுஷன்மா. வாங்கினதைத் திருப்பித் தர மட்டும்தான் தெரியாது."

"உக்காருங்கண்ணே..."

"இல்லம்மா. குளிர்காலத்துக்குத் தொக்கு போட்டாச்சு போலிருக்கே, வாசனை வருது! பாட்டிலெல்லாம் எங்க வைக்கறே? கீழ நிலவறையிலயா?"

"ஆமாண்ணே."

"அங்க இருட்டா இருக்குமே. பத்திரமா இருக்கட்டும்."

போய்விட்டான்.

அவள் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் பிடித்து, ரங்கெல் போட்டோவின் இருபுறமும் வைத்தாள். இந்தப் பக்கம் இரண்டு பூ. அந்தப் பக்கம் இரண்டு பூ.

கையில் ஒன்று மிஞ்சியது!

ஐந்து!

அவள் படிகளில் பறந்தாள்.

நிலவறையில் ரங்கெல் பெட்டி மேல் உட்கார்ந்து ரொட்டியில் தொக்கு தடவிக்கொண்டிருந்தான். பின்னால் சுவர் உயரத்துக்கு பாட்டில் அலமாரி.

"அவனுக்குத் தெரிஞ்சிடுச்சுய்யா! அஞ்சு பூ கொண்டு வந்திருக்கான்!"

"கஞ்சப்பயல். ஆறாவது பூவுக்குக் காசு மிச்சம் பிடிச்சிருப்பான்."

"கஞ்சன்னா நாலு வாங்கியிருப்பானே!"

ரங்கெலின் வாய் அசைவது நின்றது. ஒரு கணம்தான். மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.

"பூக்காரி தப்பா எண்ணியிருப்பா. நாளைக்கு மதியம் பஸ்ஸு. ஒரு ராத்திரிதானேடி?"

"இப்பவே கிளம்பேன்..."

"பட்டப்பகல்ல செத்தவன் தெருவுல நடந்தா நல்லாவா இருக்கும்? நீ மேல போ. விதவை இப்படி மூச்சிரைக்க ஓடி வந்தா ஊர் தப்பாப் பேசும்."

அவள் போனாள்.

புதன்கிழமை காலை காபி கொதிக்கும் நேரத்தில் வாசல் மணி அடித்தது.

ஸ்தாமென்!

"நேத்து சரியாத் துக்கம் விசாரிக்கலம்மா. மனசு கேக்கல."

வெள்ளை கார்னேஷன்கள். அவள் பார்வை தானாகவே எண்ணியது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று திரும்ப எண்ணியது.

நாலு.

"என்னம்மா அப்படிப் பார்க்கறே? ஒரு பாட்டில் தொக்கு கொடேன். கீழ போய் எடுத்துட்டு வாயேன்... நான் இங்கயே இருக்கேன்."

அவள் கண்கள் கீழே இறங்கின. அவனுடைய கறுப்பு ஷூ. அடித்தோல் ஓரத்தில், தையலில் காய்ந்து ஒட்டியிருந்தது... சிவப்பு.

ரத்தம் இல்லை. தொக்கு!

ஸ்னெஷானா வீறிட்டாள். அலறல் அவளுக்கு முன்னால் படியிறங்கி ஓடியது.

அலமாரி சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் ரங்கெல். உடைந்த பாட்டில்கள். தரையெல்லாம் சிவப்பு. எது அவன் ரத்தம், எது அவள் கிளறிய தொக்கு... பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் யாவோர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தார்.

"அலமாரி சரிஞ்சிருக்கு. விபத்து மாதிரிதாம்மா தெரியுது."

"கொலை சார்!"

"உங்க வாசக்கதவு, இவர் திங்கட்கிழமையே செத்துட்டார்னு சொல்லுது. செத்தவரைக் கொன்னுட்டாங்கன்னு நான் எப்படிம்மா கேஸ் எழுதறது?"

"சார்... அந்த ஆள் நேத்து அஞ்சு பூ கொண்டு வந்தான். இன்னைக்கு நாலு கொண்டு வந்தான்."

யாவோர் விதையைக் கடிக்காமல் நிறுத்தினார்.

அவரும் அந்த ஊர்க்காரர்தான்.

மாலையில் ஸ்தாமென் ஸ்டேஷனில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஷூவை மட்டும் கழற்றி வாங்கியிருந்தார்கள்.

"நோட்டீஸ் பார்த்தேன், பூ கொடுத்தேன். துக்கம் விசாரிக்கறது குத்தமா சார்?"

"இல்லியே! முதல்ல ஒத்தப்படை, அப்புறம் இரட்டைப்படை... அது ஏன்?"

"பூக்காரி தப்பா எண்ணியிருப்பா."

"ஜெச்கா அக்கா, உள்ள வாங்க."

மார்க்கெட்டில் பூ விற்கும் ஜெச்கா இடுப்பில் கை வைத்தபடி வந்தாள்.

"நானா தப்பா எண்ணினேன்? முப்பது வருஷமா பூ விக்கறேன்டா! உயிரோட இருக்கறவங்களுக்கா செத்தவங்களுக்கான்னு கேக்காம ஒரு காம்பைத் தொட மாட்டேன். நேத்து நீ என்ன சொன்னே? 'உயிரோட இருக்கறவனுக்குத்தான்... இப்போதைக்கு'ன்னு சொல்லிச் சிரிச்சியே!"

ஸ்தாமென் சிரிக்கவில்லை.

"இன்னைக்குக் கடை திறந்ததும் வந்து, 'செத்தவனுக்கு'ன்னே! அப்ப அந்தப் பொம்பளைக்கே தெரியாதேடா தான் தாலியறுத்தது!"

யாவோர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"நோட்டீஸ் பார்த்த உடனே காப்பீட்டுப் பணம் கேட்க நகராட்சிக்குப் போய் இறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கே. அப்படி ஒரு சாவே பதிவாகலன்னு சொல்லிட்டாங்க. காகிதத்துல செத்தா காசு வராது... நிஜமாச் சாகணும். அப்படித்தானே? ஷூவுல தொக்கு வேற. அது சரி, ஏன்யா அந்த அஞ்சு?"

ஸ்தாமென் ஷூ இல்லாத தன் கால்களைப் பார்த்தான்.

"உயிரோட இருக்கறவன் வீட்டுக்கு இரட்டைப்படை கொண்டு போனா... கொண்டு போனவனுக்கு ஆகாது சார்."

"ஆளைக் கொல்ல பயப்படல. ஒரு பூவுக்குப் பயந்திருக்கே!"

ஸ்தாமென் தலை குனிந்தான். யாவோர் எழுந்து விலங்கை மாட்டினார்.

"இன்னொரு சேதி. காப்பீட்டுக் கம்பெனிக்கு இப்பத்தான் பேசினேன். அந்தத் திட்டம் வேலையில இருக்கறவங்களுக்கு மட்டும்தானாம். வேலையில்லாதவன் செத்தா ஒரு காசு கிடையாது!"

ஸ்தாமெனின் வாய் திறந்தது. மூடவில்லை.

ஸ்னெஷானாவும் ஸ்டேஷனில்தான் இருந்தாள். மூலையில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் உயிரோடு இருந்தபோது வங்கி மதிக்கவில்லை. செத்தபோது கொலைகாரனுக்கும் அவனால் லாபம் இல்லை.

நாற்பதாம் நாள் காரியத்துக்கு ஊர் வழக்கப்படி கோதுமை வேகவைத்துக் கொடுத்தாள். கல்லறைக்கு மரச்சிலுவைதான் இருந்தது. பனி பெய்வதற்குள் ஒரு கல் வைக்க ஆசைப்பட்டாள்.

வங்கிக்குப் போனாள். அதே நாற்காலி. அதே பெண்.

"வேலை?"

"இல்ல."

"எதுக்குக் கடன்?"

"என் வீட்டுக்காரருக்குக் கல்லறைக் கல் வைக்கணும்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பழைய ஃப்ரிட்ஜ் கடனுக்கு நீங்கதான் ஜாமீன் போட்டிருக்கீங்க மேடம். அவரோட மதிப்பெண்தான் உங்களையும் கீழ இழுக்குது."

"அவர் செத்துட்டாரும்மா."

"தெரியும் மேடம். அதுவும் பதிவாயிருக்கு..." திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "ஆனா மதிப்பெண் மாறல. அப்ப இருந்த அதேதான்."

ஸ்னெஷானா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கறுப்புத் துணியை இழுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள்.

"பாவி மனுஷன்... ரெண்டு தடவை செத்தும் ஒரு மார்க்கூட ஏறலியே!"