படியில் இறங்கியவள் வந்தாளா, போனாளா?

மேபலின் தகரப்பெட்டி வாசலில் தொப்பென்று இறங்கியபோது கான்ஸ்டபிள் பெர்ட் விட்டன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பின்னால் மேபல், போக வேறு இடமின்றி மழையில் நனைந்து நின்றாள். கர்னல் டிரிஸ்காட் வீட்டில் நான்கு வருட வேலைக்காரி. மாடிப் படிப்பறையிலிருந்த வெள்ளிக் கோப்பையைத் திருடினாள் என்று துரத்திவிட்டார்கள். நற்சான்றுக் கடிதமும் தரவில்லை. அது இல்லாமல் டெவன் மாவட்டம் முழுக்க அவளை அடுப்புச் சாம்பல் அள்ளக்கூட யாரும் சேர்க்கமாட்டார்கள்.

பெர்ட்டுக்குக் கோபம் காது வரை ஏறியது. பாதி தன்மேலேயே. அவளுக்கு எதிரான ஒரே சாட்சி கர்னலின் அண்ணன் மகன் லயனல். அந்த வாக்குமூலத்தை எழுதி எடுத்தது பெர்ட்டின் கைதான்.

கோடைக்கு பெர்ட் வீட்டு மாடியில் தங்கியிருந்த மிஸ் ஹாரியட் யோ, வாக்குமூலம் இருந்த குறிப்பேட்டை வாங்கிப் படித்தார். முப்பது வருடம் ஆங்கில அகராதிக்காகச் சொற்களின் பயன்பாட்டைச் சீட்டுகளில் எழுதித் தந்தவர். கீழே கூடத்தில், படியடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்ததாக லயனல் சொல்லியிருந்தான். மேபல் படிப்பறையிலிருந்து ஓடி, படியிறங்கி, சமையலறைப் பக்கம் போனாளாம். 'வென்ட் டவுன்', இறங்கிப் போனாள், என்பதே அவன் சொன்ன வார்த்தை.

பால் பொங்கும் வாசனை வந்ததால் ஓடினேன் என்றாள் மேபல்.

"இதுல ஒரு வார்த்தையாவது நீங்க மாத்தினீங்களா?" என்று கேட்டார் மிஸ் யோ.

"சொன்னதை எழுதறதே எனக்கு இழுபறி, மிஸ். மாத்தற மூளை இருந்தா இந்நேரம் சார்ஜென்ட் ஆகியிருப்பேன்."

படிப்பறையில் வேறென்ன பார்த்தார் என்று கேட்டதற்கு, கம்பளத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு என்றார் பெர்ட். பூச்சி அரித்தது என்று நினைத்தாராம்.

"பூச்சி பிறை வரையாது" என்று மிஸ் யோ குடையை எடுத்தார்.

கர்னல் வீட்டில் அவர் கேட்டது ஒன்றுதான். லயனல் அன்று இருந்ததாகச் சொன்ன படியடியில் நிற்கவேண்டும். பெர்ட் மாடியிலிருந்து ஓடவேண்டும். பதினாறு ஸ்டோன், அதாவது நூறு கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு பெர்ட் ஓடினார். சுவர்ப் படங்கள் ஆடின.

"என்ன பார்த்தீங்க, மிஸ்டர் லயனல்?"

"யானை ஒண்ணு படியில இறங்கி வந்துது" என்று சிரித்தான் அவன். "கேம் டவுன்."

"வந்துது. சரி, மேபல் மட்டும் ஏன் போனா?"

சிரிப்பு நின்றது. மிஸ் யோ விடவில்லை.

"நம்ம இங்கிலீஷ்ல பின்னால ஒட்டற டவுன், அவுட் எல்லாம் வழியைத்தான் சொல்லும். முன்னால இருக்கற 'வந்தா', 'போனா'தான் பார்க்கறவன் எங்கே நிக்கறான்னு சொல்லும். கீழே நின்னவனுக்கு அவ இறங்கி வந்திருப்பா. மேலே நின்னவனுக்குத்தான் இறங்கிப் போவா. மேலே என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? கம்பளத்தைப் பிறையா வெட்டினது எந்த கோல்ஃப் மட்டை?"

பெர்ட் குடைத்தாங்கியின் பக்கத்திலிருந்த கோல்ஃப் பையைக் கவிழ்த்தார். மட்டைகளோடு கோப்பை உருண்டது. விலாவில் பந்து பட்ட நெளிவு. அறைக்குள் அடித்துப் பழகினானாம். சித்தப்பா திட்டுவாரே என்று ஒளித்தானாம்.

"ஒரு நெளிவுக்கு ஒரு பொண்ணோட பொழைப்பா?" என்றார் பெர்ட். குரல் உயரவில்லை, கையிலிருந்த பென்சில்தான் ஒடிந்தது.

கர்னல் நின்றபடியே நற்சான்றுக் கடிதம் எழுதினார். "போனது போகட்டும் மேபல். திரும்பி வந்துடு."

மேபல் கடிதத்தை இரண்டு தடவை படித்து மடித்துக்கொண்டாள்.

"வான்னு நீங்க சொல்றது நீங்க நிக்கற இடத்திலேர்ந்து, சார். நான் நிக்கற இடத்திலேர்ந்து பார்த்தா அது திரும்பிப் போறது. நான் போகலை."