ஏணி மாட்டிய நாள்

காலையில் துணி போட்டு ஒற்றி எடுத்துக் காயவிட்ட இடம். மத்தியானம் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் மறுபடியும் தண்ணீர்.

ஆன்மேரி டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தாள். படகின் அடிப்பள்ளத்தில் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. கூரையில் ஓட்டை இல்லை, படகுக்கு மேல் தார்ப்பாய் வேறு. விரலை நனைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

இதைக் கணவர் செபாஸ்டினிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. "பழைய ஃபைபருக்குள்ள உப்பு ஊறிக் கெடக்கும் மேரி. பனி பட்டா கசியும். நீ எதுக்கெடுத்தாலும் பயந்துக்காத" என்றார். பாதி ஆயுளைக் கப்பல் எஞ்சின் அறையில் கழித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் படகு வந்து ஒரு வருடம் முழுக்கக் கசியாத உப்பு, படகுக்கு வாங்கிய ஏணி வந்து இறங்கிய பிறகுதான் கசிகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

மலை மேல் படகா என்று கிளியூரில் கேட்காத ஆள் கிடையாது. செபாஸ்டினின் அப்பா வைத்துவிட்டுப்போன காபிக் கிடங்கு சும்மா கிடந்தது. கடற்கரையில் போட்டு வேலை பார்த்தால் இன்று அடித்த பெயிண்ட் நாளைக்கே உரியும். அதனால் தூத்துக்குடியில் வாங்கிய பழைய பாய்மரப் படகைக் குப்பனூர் ரோடு வழியாக லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, காபிக்கொட்டை காயப்போடும் களத்தைத் தாண்டி, தகரக்கூரைக்கு அடியில் மரக்கட்டைகளின் மேல் நிறுத்தினார். வேலை முடிந்ததும் இருவரும் கடலோடு போய்விடுவது. ஊர் ஊராக, கால் போன போக்கில்.

"ஏனுங்கம்மா, ஏரியில மிதிக்கிற படகுலயே ஏற மாட்டீங்க. நீங்க கடலுக்குப் போறீங்களாமா?" என்று எஸ்டேட் வேலைக்கு வரும் தங்கம்மா கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். ஆன்மேரிக்குத் தண்ணீர் என்றால் பயம்தான். அதை மறைத்ததே இல்லை. அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. பின்பக்கம் ஏணி வேண்டும், தண்ணீருக்குள்ளிருந்து பிடித்து ஏறுகிற மாதிரி. ஏணி இல்லாமல் அந்தப் படகில் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

காரணம் இருந்தது. படகை விற்ற அம்மாளின் புருஷன் அந்தப் படகிலிருந்துதான் விழுந்தார். நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்த சமயம், மனைவி உள்ளே படுத்திருந்தாள். ஏணி கிடையாது. வழவழப்பான சுவரில் பிடிக்க ஒன்றும் கிடையாது. அவர் வெளியிலிருந்து தட்டியிருக்கிறார். அந்த அம்மாள் நங்கூரச் சங்கிலி இடிக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விடிந்தபோது ஆள் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. படகை வாங்கிய புதிதில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் நீலக்கோட்டை ஒட்டிச் சுற்றிலும் நகக் கீறல் மாதிரி கோடுகள் இருந்தன. செபாஸ்டின் அவற்றைத் தேய்த்து, பட்டி பார்த்து, வெள்ளை அடித்துவிட்டார்.

நாளைக்கு லாரி வருகிறது. அதை நேரில் பேசி முடிக்க செபாஸ்டின் காலை பஸ்ஸில் சேலத்துக்குப் போயிருந்தார். போகும் முன் ஏணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஆறு போல்ட்டுகளையும் வெளியிலிருந்து உள்ளே தள்ளி வைத்திருந்தார். இனி உள்ளே ஒருவர் நட்டை முடுக்க வேண்டும், வெளியே ஒருவர் போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மழைக்குத் தகரக்கூரை போடுகிற சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் ஒரு வருடமாக இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து ஒரு தட்டு என்றால் பிடித்தாயிற்று. முடுக்கியதும் உள்ளிருந்து இரண்டு தட்டு. கடைசி போல்ட்டுக்குப் பிறகு வெளியிலிருந்தும் இரண்டு தட்டு வந்தால் இருவருக்கும் வேலை முடிந்தது.

பனிமூட்டம் இறங்கிவிட்டது. கிடங்கின் வாசலில் நின்ற ஆரஞ்சு மரம் தெரியவில்லை, களம் தெரியவில்லை, பட்டப்பகலில் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. தூறலும் பிடித்துக்கொண்டது. அவர் வருவதற்குள் வாஷர் போட்டுப் பசை தடவியாவது வைக்கலாமே என்று ஆன்மேரி படகின் பின்கோடிக்குத் தவழ்ந்து போனாள். அது ஒரு பொந்து. மேலே, மூக்கில் இடிக்கிற தூரத்தில், உட்காரும் தளத்தின் அடிப்பலகை. மல்லாந்து படுத்தால் தலைமாட்டில் பின்சுவர். உள்ளே போனால் திரும்ப இடமில்லை. கால் முன்னே போகப் பின்னோக்கித்தான் நகர்ந்து வெளியே வர வேண்டும். பசை நெடியும் டீசல் நெடியும் தொண்டையைப் பிடித்தன. அதோடு இன்னொரு வாடை, ஈரக் கயிறும் பாசியும் கலந்த மாதிரி.

முதல் நட்டைக் கையால் திருகி நிறுத்தினாள்.

டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம். ஒரே ஒரு தட்டு.

"வந்துட்டீங்களா?" என்று கத்தினாள். கூரையில் தூறல் இரைந்தது. வந்ததும் வராததுமாக வேலையில் இறங்கிவிட்டார், ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல், என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே ஸ்பேனரை மாட்டி முடுக்கினாள். போல்ட் இம்மியும் அசையவில்லை. வழக்கமாக அவர் கை வழுக்கும், போல்ட் கால் சுற்று சுற்றும், வெளியே முணுமுணுப்பார். இன்றைக்குப் பிடி இரும்பாக இருந்தது. நட்டு இறுகி, பசை பிதுங்கி வழிந்தது. அவள் இரண்டு முறை தட்டினாள்.

அடுத்த போல்ட். டொக். முடுக்கினாள். அதற்கடுத்தது. டொக். அவ்வளவு ஒழுங்காக வேலை நடந்ததில் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இந்த மனுஷனோடு எந்தக் கடலுக்கும் போகலாம் என்று தோன்றியது. நாலாவதை முடுக்கும்போதுதான் தட்டு வரும் இடத்தைக் கவனித்தாள். போல்ட்டுகள் தலைக்கு மேலே இருந்தன. தட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் தாழ்விலிருந்து, அவள் பிடரிக்கும் கீழேயிருந்து வந்தது. வெளியே நீலக்கோடு ஓடும் உயரம் அது.

குனிந்து நிற்கிறாரோ என்னவோ. முழங்கால் வலிக்கிறவர் எதற்குக் குனிய வேண்டும்?

ஐந்தாவது. டொக். முடுக்கினாள். முழங்கையில் ஈரம் பட்டது. டார்ச்சைத் திருப்பினாள். அடிப்பள்ளத்திலிருந்து தண்ணீர் மெல்லிய நாக்காக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஆறாவது. டொக். சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போய் அவர் முகத்தைப் பார்த்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். இறுகியது. இரண்டு தட்டு தட்டினாள். பதிலுக்கு இரண்டு தட்டு வர வேண்டும்.

வரவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. செபாஸ்டின்.

"மேரி, கொண்டை ஊசி வளைவுல மரம் விழுந்து பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. மூட்டம் வேற நொம்ப ஜாஸ்தி. ஒண்டிக்கடை ஸ்டாப்புக்கு வந்து சேரவே இருட்டிரும் போல. நீ ஊட்டுக்குப் போயிரு. ஏணி வேலையை நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"முடுக்கியாச்சுங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"எதை?"

"ஏணியத்தாங்க. ஆறும் முடுக்கியாச்சு."

அந்தப் பக்கம் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"மேரி, வெளிய யாரு புடிச்சது?"

லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். சிக்னல் இல்லை.

படகு லேசாகச் சாய்ந்தது.

கட்டைகளின் மேல், நாலு பக்கமும் முட்டுக்கொடுத்து நிறுத்திய படகு அது. ஒரு வருடமாக அசைந்ததில்லை. பின்பக்கமாக அது ஒரு விரல் அளவு தாழ்ந்தது. யாரோ ஏணியின் முதல் படியில் பாரத்தைப் போட்ட மாதிரி. புது ஸ்டீல் கிறீச்சிட்டது.

கழற்ற வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. நட்டுகளைக் கழற்றினால் ஏணி விழும். ஸ்பேனரை மாட்டி எதிர்ப்பக்கம் இழுத்தாள். நட்டு நெகிழ்ந்தது. அதோடு நின்றது. போல்ட் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்றை முயன்றாள். அதுவும் சும்மா சுற்றியது. மூன்றாவதும்.

வெளியே பிடிக்க இப்போது ஆள் இல்லை. பிடித்த கைகள் ஏறிக்கொண்டிருந்தன.

இரண்டாவது படி. மூன்றாவது.

"சேசுவே" என்றாள்.

தலைக்கு மேலே அடிப்பலகை நெளிந்தது. சொத்தென்று ஈரப் பாதம். அப்புறம் இன்னொன்று. அவள் முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. பலகை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு அவள் உதட்டில் விழுந்தது. உப்பு.

நகர வேண்டும். காலை நீட்டிப் பின்னால் நகர்ந்தாள். ஒரு சாண். பாதம் மேலே அவளோடு நகர்ந்தது. நின்றாள். அதுவும் நின்றது.

பிறகு அது அவளைத் தாண்டிப் போனது. கேபின் வாசலை நோக்கி. உள்ளே இறங்கும் மரப்படிகள் ஒவ்வொன்றாக முனகின.

டார்ச் கையிலிருந்து உருண்டு தண்ணீரில் விழுந்து அணைந்தது. பொந்தின் வாயில் மட்டும் மூட்டத்தின் வெளிச்சம், அவளுடைய இரண்டு பாதங்களுக்கு நடுவில். அவள் தலையைத் தூக்கி அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். கண்ணை மூட முடியவில்லை.

வெளிச்சம் பாதி மறைந்தது.

பொந்தின் விளிம்பில், அவள் குதிகாலுக்குப் பக்கத்தில், விரல்கள் வந்து பற்றின. வெளுத்து, ஊறி, நகமில்லாத விரல்கள். எத்தனையோ நாள் தட்டித் தட்டி மழுங்கிய விரல்முட்டி ஒன்று மெதுவாக உயர்ந்தது.

டொக். டொக்.