ஐப்பசிக்குப் பன்னிரண்டு

தாரணிக்குத் தொண்ணூற்றேழு வந்த செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் அலுவலகத்தின் மூன்று மாடிக்கும் பரவிவிட்டது. ஆளுக்கு ஆள் வந்து கை குலுக்கினார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். பவழத்திட்டுத் தீவுக்கு மாசி மாதம் போனால் தொண்ணூற்றேழு. அந்த ஆண்டு கோயம்புத்தூர்க் கிளையில் யாருக்கும் அவ்வளவு வரவில்லை. தாரணி சிரித்தாள், எல்லாருக்கும் நன்றி சொன்னாள், பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்கினாள்.

இனிமானி வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பெல்லாம் தீவுக்குப் போக நல்ல மாதம் எது என்று மக்கள் வானிலையைப் பார்த்தார்கள், போய் வந்தவர்களை விசாரித்தார்கள், மைத்துனன் சொன்னான் என்று கிளம்பி மழையில் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து மைத்துனனோடு பேசுவதை நிறுத்தினார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்தால் போதும். உங்கள் உடல் அறிக்கை, உடன் வருபவரின் உடல் அறிக்கை, இருவரின் பழைய படங்கள், தீவின் காற்று, நீரோட்டம், கொசு, படகு என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, வரப்போகும் நாட்களை இனிமானி ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கும். பயணம் எப்படி இருக்கும் என்பது அதன் கவலை இல்லை. பயணம் முடிந்து ஓராண்டு கழித்து அதை நினைத்தால் உங்கள் மனம் எவ்வளவு இனிக்கும் என்பதுதான் அதன் கணக்கு. பயணம் நான்கு நாள், நினைவு ஆயுள் முழுக்க என்பது கம்பெனியின் வாதம். மறுத்துப் பேச முடியாத வாதம்தான்.

நான்கு பருவத்துக்கு நான்கு எண்கள் வரும், நூற்றுக்கு இத்தனை என்று. ஏன் இந்த எண் என்று கேட்டால் இயந்திரம் சொல்லாது. அதற்கே தெரியாது என்பதுதான் உண்மை. ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு விதம் என்பதால் ஒரே வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு விதமாக வரும். வீண் வம்பு எதற்கு என்று பெரும்பாலான குடும்பங்களில் ஒருவர் மட்டும் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவார்கள். தாரணியும் அப்படித்தான் உட்கார்ந்தாள். பத்து ஆண்டு வேலை பார்த்ததற்குக் கம்பெனி கொடுத்த பரிசு அந்தப் பயணம். மாசிக்குத் தொண்ணூற்றேழு, சித்திரைக்கு எழுபத்தொன்று, ஆனிக்கு அறுபத்து நான்கு, ஐப்பசிக்குப் பன்னிரண்டு.

அவள் சரிபார்ப்புப் பிரிவில் இருந்தாள். தொண்ணூற்றைந்துக்கு மேல் எண் வந்து பயணம் போய் வந்தவர்களை ஓராண்டு கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது நினைத்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் படிவத்தில் குறிப்பது வேலை. இயந்திரம் ஒரு முறைகூடத் தவறியதில்லை. கம்பெனிக்கு அதில் ரொம்பப் பெருமை. குறைந்த எண் வந்த பருவத்தில் யாரும் பயணம் போவதில்லை, அதனால் அவர்களைக் கூப்பிடும் வேலையும் யாருக்கும் இல்லை.

இரண்டு மாதமாகவே அவளுக்கு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. தாராபுரத்து நாச்சிமுத்து என்பவரைக் கூப்பிட்டபோது தொடங்கிய உறுத்தல் அது. பயணம் எப்படிங்க இருந்தது என்று கேட்டாள். "அதுதானுங்க நானும் அவளும் கடைசியாச் சேந்து போனது. அந்த நாலு நாளை நெனச்சுத்தான் சோறு எறங்குது" என்றார். படிவத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை கட்டங்கள் இருந்தன. செத்துப்போனவர்களுக்குக் கட்டம் இல்லை. தாரணி பத்தைக் குறித்தாள்.

கழிப்பறையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவள், மத்தியானம் முழுக்கப் பிரிவில் மற்றவர்கள் பேசிய பழைய அழைப்புப் பதிவுகளை எடுத்துக் கேட்டாள். நாற்பத்து மூன்று பேர். அதில் நாற்பத்தொரு பேர் பயணம் போன துணையை ஓராண்டுக்குள் பறிகொடுத்திருந்தார்கள். மீதி இரண்டு பேர் தேனிலவுக்குப் போனவர்கள். அவர்களுக்குத் தார் ரோட்டைப் பார்த்தால்கூட இனிக்கும், கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

இயந்திரம் பொய் சொல்லவில்லை என்பதுதான் பயங்கரம். எந்த நினைவு அதிகம் இனிக்கும் என்று கேட்டார்கள், அது தேடிக் கண்டுபிடித்துச் சொன்னது. உயிரோடு இருக்கிறவர்களோடு போன பயணத்தை யார் நினைத்து உருகுகிறார்கள்? திரும்பி வந்ததும் துணி துவைக்கிறோம், மறந்துவிடுகிறோம். மாசி மாதம் போனால் அடுத்த மாசிக்குள் அவள் கணவன் பூபதி இருக்க மாட்டான். பத்தொன்பது ஆண்டு கூட வாழ்ந்தவன், காலையில் புறப்படும்போது செருப்பைக் காணோம் என்று கத்தியவன், அவனைப் பற்றித்தான் அந்த எண் பேசுகிறது.

மேலாளர் ஜெனிபரிடம் போய்ச் சொன்னாள். ஜெனிபர் திகைக்கவில்லை. அவளுக்கு நான்கு வருடமாகத் தெரியுமாம், மேலிடத்துக்கும் தெரியுமாம். இயந்திரம் யாரையும் கொல்லவில்லை, வரப்போவது வருகிறது, அதற்குள் அவர்களுக்கு நான்கு நல்ல நாட்களாவது கிடைக்கிறதே என்று பொறுமையாக விளக்கினாள். "நாம பொய் சொல்லலையே தாரணி. இனிக்கும்னு சொன்னோம், இனிக்குது." சொல்லிவிட்டுத் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து தாரணியிடம் நீட்டினாள்.

பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் தாரணி முதலில் நினைத்தாள். ஆனால் போகாமல் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எண் கிடையாது. வீட்டிலும் மாடிப்படி இருக்கிறது, அவிநாசி ரோட்டில் லாரி இருக்கிறது, அவன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும். யோசிக்க யோசிக்க ஒரு வழிதான் தெரிந்தது. அதிக எண் சாவு என்றால் குறைந்த எண் உயிர். ஐப்பசிக்குப் பன்னிரண்டு. ஓராண்டு கழித்து அவள் அந்தப் பயணத்தை நினைத்து முகம் சுளிக்கப் போகிறாள். சுளிக்கட்டும். பக்கத்தில் அவன் உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பான் என்றல்லவா அதற்கு அர்த்தம். அவன் ஆயுளுக்கு இயந்திரமே எழுதிக் கொடுத்த உத்தரவாதம் அது என்று நம்பினாள். அறுபத்து நான்கையும் எழுபத்தொன்றையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பயந்தவள் பாதிக் கிணறு தாண்டத் தயாராக இல்லை.

பீளமேட்டில் பம்ப்செட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான் பூபதி. தெளிந்த தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டான், குதித்து விடுவான். மாசி மாதக் கடலில் அவன் தலை சிறுத்துச் சிறுத்துப் போவதைத் தாரணி கண்ணை மூடினாலே பார்த்தாள். ஐப்பசியில் கடலில் இறங்கவே விடமாட்டார்கள், அதுவும் நல்லது. ஐப்பசியில் போகலாம் என்று அவனிடம் சொன்னாள். கொட்டுகிற மழையில் தீவுக்கா என்று கேட்பான், அதற்கு இரண்டு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். உப்புப் புட்டி எங்கே வாங்கினாய் என்பதற்குக்கூடக் காரணம் கேட்கிறவன், "சரி அம்மணி, போலாம்" என்று எழுந்து போய்ப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். எண்ணைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. நீ சாகப் போகிறாய் என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது?

பவழத்திட்டில் இறங்கியது முதல் மழை. நூற்றிருபது அறைகள் கொண்ட விடுதியில் அவர்களோடு சேர்த்து மூன்று அறைகளில்தான் ஆள். கூரை ஒழுகியது. படுக்கை விரிப்பு காயாத துணி நாற்றம் அடித்தது. மீனும் மரவள்ளிக் கிழங்கும் தவிர வேறு சாப்பாடு இல்லை. ஒவ்வொரு தொல்லையையும் தாரணி உள்ளுக்குள் வரவேற்றாள். இதெல்லாம் நினைவில் எப்படிக் கசக்கும் என்று பார்த்துப் பார்த்துத் தெம்படைந்தாள். ஆனாலும் பயம் விடவில்லை. பூபதி ஈரப் படியில் கால் வைத்தால் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் தும்மினால் எழுந்து உட்கார்ந்தாள், பிறகு சளி பிடித்தால் பயணம் இன்னும் கெட்டுப்போகும் என்று தேறிக்கொண்டாள். இரண்டாம் நாள் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். கடல் அடங்க ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். அதையும் அவள் நல்லதென்றே எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தென்னைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மழை. பூபதி அவித்த கிழங்கின் நாரை உரித்து உரித்து அவள் தட்டில் வைத்தான். அவன் இப்படிச் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. அவன் கையில் பட்டறை எண்ணெய் இல்லை, காதில் மோட்டார் சத்தம் இல்லை. இரண்டு நாளாக அவன் அவளிடம் பேசிய பேச்சு, பத்தொன்பது ஆண்டில் பேசியதைவிட அதிகம்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றான். "ஆவணில உன்னைக் கூட்டிட்டுப் போக உன்ர ஆபீசுக்கு வந்தேன் பாரு, அன்னிக்கு நீ வர நேரமாச்சு. அந்த ஜெனிபர் மேடம் சும்மாதானே இருக்கீங்கன்னு என் தலையிலயும் பட்டையைக் கட்டி விட்டுட்டாங்க."

தாரணி தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஐப்பசிதான் அம்மணி வந்துச்சு. தொண்ணூத்தெட்டு. எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன், நீயே வந்து ஐப்பசின்னு சொன்னே. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. நம்ம ரெண்டு பேர் மனசும் ஒண்ணாத்தான் ஓடுது போ."

மழைச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்பதாகத் தாரணிக்குத் தோன்றியது. தொண்ணூற்றெட்டு. ஓராண்டு கழித்து இந்த மழையையும் கிழங்கையும் நினைத்துப் பூபதி உருகப் போகிறான். அவன் பிழைத்துக் கிடப்பான், அந்த மட்டும் அவள் போட்ட கணக்குச் சரி. அப்படியானால் அவளுடைய பன்னிரண்டு? அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. செத்தவர்களுக்கு நினைவு ஏது? அவளுடைய ஆயிரம் ஓட்டத்தில், ஓராண்டு கழித்து நினைத்துப் பார்க்க ஆளே இல்லாமல் போன ஓட்டத்துக்கெல்லாம் இனிமானி பூஜ்யம் போட்டிருக்கிறது. மிஞ்சியதுதான் பன்னிரண்டு. அதைத்தான் அவன் ஆயுளுக்கு உத்தரவாதம் என்று மடியில் முடிந்துகொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறாள்.

அடுத்த ஆனி வரை பொறுத்து வந்திருக்கலாம். அறுபத்து நான்கு என்றால் என்ன? கொஞ்சம் வெயில், கொஞ்சம் காற்று, வழியில் ஒரு சச்சரவு, இரண்டு பேரும் வீடு திரும்பி அழுக்குத் துணியை ஊறப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. அந்தச் சாதாரணப் பயணம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, அவள்தான் தாண்டி வந்தாள்.

எழுந்து விடுதிக்காரரிடம் ஓடினாள். இன்றைக்குப் படகு உண்டா என்று கேட்டாள். அவர் கடலைக் காட்டினார். திரும்பி வரும் வழியில் எல்லாமே அவளைப் பார்த்தன. தேங்கிய தண்ணீருக்கு மேல் தொங்கிய மின்கம்பி, வழுக்கும் படி, கணுக்காலில் உட்கார்ந்திருந்த கொசு. எதுவாகவும் இருக்கலாம். ஏற்கனவே உள்ளே புகுந்துவிட்ட ஒன்றாகவும் இருக்கலாம். நேற்றிலிருந்து அவளுக்கு லேசாகத் தலை வலித்தது.

எண்ணைக் குறைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. அவன் நினைவு இனிக்கக் கூடாது, அவ்வளவுதானே. இந்த நான்கு நாளை அவன் வெறுக்கும்படி செய்துவிட்டால் தொண்ணூற்றெட்டு பொய்யாகும். அது பொய்யானால் பன்னிரண்டும் பொய்யாகும். எண் குறைந்தால் உயிர் திரும்பி வராது என்று சரிபார்ப்புப் பிரிவில் பத்து ஆண்டு வேலை பார்த்தவளுக்குத் தெரியும். பயந்துபோன பெண்ணுக்கு அது தெரியவில்லை.

தாழ்வாரத்தில் நின்றபடி ஆரம்பித்தாள். பட்டறையைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆளுக்குக் கல்யாணம் எதற்கு என்று கேட்டாள். அவள் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று யார் வீட்டு மோட்டாரையோ கழற்றிக்கொண்டிருந்தானே, அதைக் கேட்டாள். அவன் அம்மாவை இழுத்தாள், அவன் குறட்டையை இழுத்தாள், பத்தொன்பது ஆண்டாகச் சொல்லாமல் விழுங்கியதை எல்லாம் வாரி அவன் முகத்தில் கொட்டினாள். கண்ணீர் கொட்டியது, நிறுத்தவில்லை.

பூபதி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தபோது தலை குனிந்தான். அவள் மூச்சு வாங்க நின்றதும் எழுந்து வந்து, அவள் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டான். அவன் கண்ணும் நனைந்திருந்தது.

"இதையெல்லாம் நீ சொல்ல மாட்டியான்னு எத்தனை வருசம் காத்துட்டு இருந்தேன் தெரியுமா" என்றான். "இன்னிக்குத்தான் அம்மணி எனக்கு நெஞ்சு லேசாச்சு. இந்த நாளை நான் உசுரு இருக்கற மட்டும்..."

மேலே பேச விடாமல் தாரணி அவன் வாயைக் கையால் இறுக்கிப் பொத்தினாள். அந்தக் கையில் அவன் முத்தம் கொடுத்தான்.