பன்னிரண்டு மணி டேப்

பாஸ்கல் உப்புப் பாத்தியில் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டை பிளந்திருந்தது. பெரிய வெள்ளியின் வெயிலில் அவன் சட்டை காய்ந்து, அதற்குள் உப்புப் பூத்திருந்தது.

மரக்காணம் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன். மெட்ராஸ் ஸ்டூடியோவில் ஏழு ஜாஸ் பாட்டுகளை முடித்துவிட்டு, எட்டாவதை ஊர் ஆர்கனில்தான் வாசிப்பேன் என்று அடம்பிடித்து வந்தவன். எட்டும் சேர்ந்தால் எல்.பி. ரெக்கார்டு. அவனுடைய முதல் ரெக்கார்டு!

இனி அவன் எங்கே கேட்கப் போகிறான்?

சனிக்கிழமை மதியம்.

இன்ஸ்பெக்டர் ராமதாஸுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

லாக்கப்பில் உப்பளத் தொழிலாளி சடையப்பன். நேற்று ஒரு மணிக்கு மேல் அந்தப் பக்கம் இருந்தவன் அவன் ஒருவன்தான். ஸ்டேஷன் வாசலில் அவன் மனைவி தையல்நாயகி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

'இவன் இல்லை' என்றது ராமதாஸின் மனசு. மனசைக் கோர்ட்டில் சாட்சியாக ஏற்றவா முடியும்? எரிச்சலாக வந்தது.

எதிரே சவுண்ட் இன்ஜினீயர் தனக்கோடி. பாஸ்கலின் பாட்டுகளைப் பதிவு செய்தவன். ரெக்கார்டு கவரில் யார் பெயர் பெரிதாக வருவது என்று இருவருக்கும் ஸ்டூடியோவிலேயே கைகலப்பு நடந்திருந்தது. ஆனால்...

"நேத்து பன்னெண்டு மணிக்கு சர்ச்ல அவன் வாசிச்சான், நான் ரெக்கார்ட் பண்ணேன் சார். பன்னெண்டரைக்கு பஸ் ஏறிட்டேன். அப்ப உயிரோடதான் இருந்தான்."

பஸ்ஸுக்குக் கண்டக்டர் சாட்சி. உயிருக்கு டேப் சாட்சி.

ராமதாஸ் பதினோராவது தடவையாக அதை ஓடவிட்டார். ஆர்கன் குழைந்து குழைந்து போனது... நடுவில் சர்ச்சின் பன்னிரண்டு மணி செப மணி. அது நேற்றைய மணிதானா? இல்லை என்று சொல்ல அவரிடம் ஒரு துரும்பும் இல்லை. மேஜையை ஓங்கிக் குத்தினார். கைதான் வலித்தது.

வியாழக்கிழமையிலிருந்து லீவில் இருந்த கான்ஸ்டபிள் பவுல்ராஜ் அப்போதுதான் உள்ளே வந்தான். வாசலிலேயே நின்று காதைத் தீட்டினான்.

"இது என்னிக்கு எடுத்ததுங்க ஐயா?"

"நேத்து. ஏம்பா?"

பவுல்ராஜ் தனக்கோடியை ஏற இறங்கப் பார்த்தான்.

"வியாழக்கிழமை பூசையோட ஆர்கனைப் பூட்டி ஃபாதர் சாவியை எடுத்துக்குவாருங்க. ஏசு இறந்த துக்கத்துல மணியும் அடிக்க மாட்டோம். நேத்து பூரா நாங்க சர்ச்ல மணிக்குப் பதிலா மரக்கட்டையத்தான் தட்டினோம். இன்னிக்கு ராத்திரி ஈஸ்டர் பூசையிலதான் ரெண்டும் பேசும்."

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. தனக்கோடியின் முகத்தில் ரத்தம் இல்லை.

"பெரிய வெள்ளி லீவுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்..." என்றான்.

பிறகு எல்லாம் வந்தது. டேப் புதன்கிழமை எடுத்தது. வெள்ளி பதினொரு மணிக்குப் பேசித் தீர்க்கலாம் என்று பாஸ்கலை உப்பளத்துக்குக் கூட்டிப் போனான். கவரில் உன் பெயரே வராது என்று பாஸ்கல் சொன்னான். தனக்கோடியின் கையில் இரும்பு மைக் ஸ்டாண்ட் இருந்தது.

லாக்கப் திறந்தது. சடையப்பன் வெளியே வந்தான். தையல்நாயகி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தனக்கோடி உள்ளே போனான்.

"எப்ப சார் வெளிய விடுவீங்க?"

பவுல்ராஜ் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

"ஆர்கனை இன்னிக்கு ராத்திரி திறந்துடுவாங்க. உங்களுக்கு ஈஸ்டர் என்னிக்குன்னு ஜட்ஜைத்தான் கேக்கணும்."