பிஸ்டன் இளகியது

காலையில் டீ டம்ளரைத் தூக்கப் போனபோது ஃபிட்டரின் வலது கட்டைவிரல் மடங்கவில்லை. குச்சி மாதிரி நேராக நின்றது. வலி இல்லை, வீக்கமும் இல்லை. முந்தின நாள் முழுக்கத் தோட்ட டிராக்டரின் கியர் லிவரோடு மல்லுக்கட்டியதும், அது இளகி முதல் கியரில் போய் விழுந்தபோது கையில் சுருக்கென்றதும் ஞாபகம் வந்தது. இருபது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை, ஒரு சுளுக்குக்கெல்லாம் பயப்படுமா என்ன! டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

“லீவு நாள்லயாவது அந்த இரும்போட கட்டிப் புரளாம இருங்களேன்,” என்றாள் மனைவி.

“அது ஓடணும். ஓடுற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.”

“நேத்து மூணு தடவை சோறு போட்டுக்கிட்ட ஆளு யாராம்?”

கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த குறுகிய பாதையில், தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் மழையில் கிடந்தது. அசைய வேண்டிய எதுவும் அசையாது. பிஸ்டன் சிலிண்டருக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அந்தத் துளை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறப் போட்டிருந்தான். அவன் கை வைத்து எதுவும் கழலாமல் போனதில்லை என்று பட்டறையே சொல்லும். அந்தப் பேரை இந்தத் துரு மூட்டை கெடுத்துவிடுமா?

அன்றைக்குப் பிரேக் பெடல். பெடல் கோத்திருந்த கம்பியைச் சுற்றி கேஸ் டார்ச்சின் நீலத் தீயைக் காட்டினான். பழைய கிரீஸ் உருகிக் கருகி, முடி பொசுங்கும் நாற்றத்தோடு புகைந்து, கண்ணை எரித்து, தகரத்தில் முட்டித் திரும்பி வந்து மூக்கில் ஏற, சூட்டில் இரும்பு எங்கோ உள்ளே மெல்ல முனகுவது அவனுக்குக் கேட்டது. அது வழக்கமான சத்தம்தான். ஆனால் அவன் தீயை அணைத்த பிறகும் முனகல் நிற்கவில்லை.

“இறங்குடா நாயே!” சம்மட்டியை ஓங்கி அடித்தான். இன்னொன்று. இன்னொன்று. தோள் கிழிந்துவிடும் போலிருந்தது. ஏழாவது அடியில் பெடல் ‘டக்’ என்று இளகியது.

அவன் வலது முழங்காலும் ‘டக்’ என்றது.

அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். முழங்காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தான். கால் இரும்புக் குழாயாகக் கிடந்தது. வண்டியின் பெடல் மட்டும், யாரும் தொடாமலே, லேசாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வண்டியைச் சும்மா கொடுத்த தோட்டக்காரர் நினைவுக்கு வந்தார். வண்டி எடுக்கப் போன அன்றைக்குக் கிழவர் குழந்தை மாதிரி குதித்துக் குதித்து நடந்தார். கை விரல்களை ஓயாமல் மடக்கி நீட்டினார். பல வருஷம் கட்டையாகப் படுக்கையில் கிடந்தவர், வண்டி துருப்பிடித்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துச் சொன்னார். “ஓட்டாதீங்க தம்பி. மண்ணைப் போட்டு ஏதாவது செடி வையுங்க,” என்றார் கிழவர். கிறுக்கு என்று நினைத்துவிட்டான்.

உடைக்க வேண்டும். இனி எவனும் இதைத் தொட முடியாதபடி உடைத்துப் போட வேண்டும். டயரைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கையாலும் சம்மட்டியைச் சுழற்றினான். அடி விழுந்தால் துரு விடும். அவன் தொழிலின் அரிச்சுவடியே அதுதான். பயத்தில் அதையே மறந்தான்.

முதல் அடி ஸ்டியரிங்கில். ஸ்டியரிங் சுழன்றது. கழுத்து நின்றது.

அடுத்தது சீட்டுக்கு அடியில். ஸ்பிரிங் துள்ளியது. இடுப்பு போனது.

நிறுத்தடா என்று மூளை கத்தியது. ஓங்கிய கை நிற்கவில்லை. பானட்டில் விழுந்தது. துருவேறிய கீல் பிடியை விட்டுப் பானட் வாயைப் பிளந்தது.

அவன் வாய் மூடிக்கொண்டது. பல் பல்லோடு. நாக்கு நடுவில்.

ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. அவன் சாய்ந்து விழுந்தபோது சம்மட்டி வண்டியில் எதிலோ பட்டு அதுவும் இளக, முழங்கைகளும் இறுகின.

மனைவியின் அலறல் கேட்டு, தெருமுனையில் இருந்த அவளுடைய அண்ணன் ஜீப்போடு வந்து சேர்ந்தான். மலை மாதிரி ஆள். மாப்பிள்ளைமேல் உயிர்.

“மாப்ள! என்ன மாப்ள இது! வாயைத் திறங்க!”

கரண்டிக் காம்பைப் பல்லுக்குள் விட்டு நெம்பினான். முன்பல் இரண்டு முறிந்தன. வாய் திறக்கவில்லை. தூக்கலாம் என்று அக்குளில் கைகொடுத்து இழுத்தான். இடது முழங்கை காய்ந்த மரக்கிளை மாதிரி முறிந்தது. வெள்ளையாக எலும்பு வெளியே வந்தது. ஃபிட்டர் கத்தினான். கண் மட்டும்தான் கத்தியது.

“அய்யோ, விடுண்ணா! உடைஞ்சு போறாரு!”

“ஜீப்பை உள்ள கொண்டாந்து பலகையோட ஏத்தணும். இந்தச் சனியன் வழியில நிக்குது பாரு. சங்கிலி போட்டு வெளிய இழுத்துடறேன்.”

வேண்டாம்.

கியரில் இருக்கிறது. முதல் கியரில் இருக்கிறது. இழுத்தால் சக்கரம் பிஸ்டனை இளக்கிவிடும். மச்சான், கியரை எடு. ஒரே ஒரு தரம் கியரைப் பார். தெருவில் நிற்கும் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!

கண்ணை உருட்டினான். இடம். வலம். இடம்.

“பயப்படாதீங்க, இதோ போயிடலாம்,” என்று அவள் அவன் நெற்றியைத் தடவினாள்.

சங்கிலி விறைத்தது. டயர்கள் சுழலாமல் மண்ணைக் கீறிக்கொண்டு இழுபட்டன. ஜீப் உறுமியது. ஒரு கஜம். இரண்டு கஜம்.

உள்ளே ஏதோ பிடி விட்டது.

பிளக் துளையிலிருந்து கறுப்பு எண்ணெய் பீய்ச்சியடித்தது. அதே நொடியில் அவன் நெஞ்சுக்குள் ஒரு கை இறுக மூடிக்கொண்டது போலிருந்தது. துடிப்பு இல்லை. ஆனால் இருட்டவில்லை. எல்லாம் தெரிந்தது. எல்லாம் கேட்டது.

இஞ்சின் ஓடியது.

பிளக் மேஜைமேல் கிடந்தது. டாங்கில் பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை. தட் தட். தட் தட். இரட்டை இரட்டையாக. அவன் பயப்படப் பயப்பட அது வேகமெடுத்தது.

“என்ன எழவுடா இது, தானா ஓடுது!” என்று ஜீப்பை நிறுத்தி ஓடிவந்து, வண்டியின் கியரை இப்போதுதான் எடுத்துவிட்டபடி மச்சான் கத்தினான்.

அவள் அவன் மார்பில் காதை வைத்து அழுத்தினாள். “அண்ணா! அந்தச் சத்தத்தை நிறுத்துண்ணா! இவருக்கு நெஞ்சு துடிக்குதான்னே கேக்க முடியல!”

தட் தட் தட் தட் தட்.

மச்சான் ஓடிப்போய் ஒரு பலகைத் துண்டை எடுத்தான். இஞ்சின் மூச்சு இழுக்கும் துவாரத்தில் வைத்து, முழு பலத்தையும் கொடுத்து அடைத்தான்.

தட் தட்.

தட்.

“இரும்மா, அடங்குது. இப்பக் கேளு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு, காதை இன்னும் அழுத்தி வைத்து, நம்பிக்கையோடு காத்திருந்தாள்.