கனகாம்பரக் காட்டில் ரோமாபுரிப் பாசறை

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் ஒற்றைக்காலில் நின்று சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன். எதையும் கூட்டவில்லை. குறைத்தது ஒன்றே ஒன்று... அல்போன்சாவின் கண்களை. உள்ளபடி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ராயப்பராஜின் கனகாம்பரக் காட்டு ஓரத்தில் அருள்நாதன் மூன்று மாதமாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். புதைந்து கிடக்கும் பழம்பொருளைத் தோண்டி எடுத்து, அதற்கு வயது சொல்லும் உத்தியோகம். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். பதினேழு ஊர் தோண்டிவிட்டான். கிடைத்ததெல்லாம் ஓட்டாஞ்சில்லும் இடுப்புவலியும்தான்.

இந்தத் தடவை அதிர்ஷ்டம் அடித்துவிட்டது. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, மூலையில் வளைந்து திரும்பும் ஒரு பழைய அகழி. மண்மூடிக் கிடந்த அதற்குள் குட்டை குட்டையாக இரும்பு ஆணிகள்... நூற்றுக்கணக்கில். ரோமாபுரிச் சிப்பாய்களின் செருப்பில் இப்படித்தான் ஆணி அடித்திருக்கும் என்று புத்தகத்தில் படமே இருந்தது. “ரோமாபுரிப் படை தங்கிய பாசறை. காலம், கி.பி. முதல் நூற்றாண்டு” என்று எழுதி மேலே அனுப்பினான். மேலதிகாரி திங்கட்கிழமை நேரில் வருவதாகத் தந்தி வந்தது. அவர் தலையாட்டினால் அருள்நாதனுக்கு நிரந்தர வேலை. காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி. ராயப்பராஜின் இரண்டு ஏக்கரும் சர்க்கார் வசம்.

அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவன் காட்டுக்காரர்களிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. எப்பேர்ப்பட்ட மழை தெரியுமா... குடகனாற்று மீன்கள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றதாகச் சொன்னார்கள். நான் பார்த்தது இரண்டு மீன்தான். அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

பூக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் அவனுடைய தார்ப்பாய்க் கொட்டகைக்குள் ஓடிவந்தாள்.

“நில்லுங்க! கால வைக்காதீங்க! கீழ ரோமாபுரிப் பட்டாளம் இருக்கு!”

தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்தி அவள் குனிந்து பார்த்தாள். தட்டில் வரிசையாக, நம்பர்ச் சீட்டோடு ஆணிகள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்...

பெரிய கண்கள். விடியுமுன் எழுந்து பூப்பறித்தே அலுத்துப்போன கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அருள்நாதனும் மூச்சு விடலாமா வேண்டாமா என்று யோசித்தான்.

“பட்டாளம்னா... ஆளுக எங்க சார்?”

“செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு.”

“பாவம். ஆணிய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாகளாக்கும்?” ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். “இது லாட ஆணி சார்.”

“என்னது?”

“மாட்டு லாடம். எங்கப்பா ராயப்பராஜுதான் இந்தப் பக்கம் பூரா லாடம் கட்றாரு. நான் அவரு மக அல்போன்சா. இந்தா, நுனியப் பாருங்க... முறுக்கி ஒடிச்சிருக்கு. குளம்புக்கு வெளிய வார நுனிய அப்பிடித்தான் ஒடிக்கணும். எந்தச் சிப்பாயிக்கு சார் குளம்பு இருந்துச்சு?”

அவன் காது சிவந்தது. படிப்பும் பதினோரு வருஷ அனுபவமும் உள்ளே எழுந்து நின்றன.

“நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?”

கேட்டிருக்கக் கூடாது... கேட்டுவிட்டான். அந்தக் கண்களில் எரிந்த விளக்கை யாரோ இறக்கிவிட்டதுபோல் ஆனது.

“அஞ்சாப்பு” என்றாள். “ஆனா எந்த ஆணியும் எங்கிட்ட சர்டிபிகேட்டு கேட்டதில்ல சார்.”

கூடையை மறந்து மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்த நேரம் பார்த்து, கூடையைக் கொடுக்கும் சாக்கில் அவள் வீட்டுக்குப் போனான். வாசலில் ஒரு மயிலைக்காளை கால் கட்டப்பட்டுச் சாய்ந்து கிடந்தது. ராயப்பராஜ் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வாங்க தம்பி. கூடைய அங்கிட்டுப் போட்டுட்டு இந்தக் காலச் செத்தப் பிடிங்க.”

அருள்நாதன் பிடித்தான். முகத்துக்கு நேரே ஆணி இறங்கியது. குளம்பின் பக்கவாட்டில் நுனி எட்டிப் பார்த்தது. ராயப்பராஜ் அதை முறுக்கி ஒடித்தார். ஒடிந்த துண்டு அவன் கால்மாட்டில் விழுந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவன் எவ்வளவோ முயன்றான்.

“நீங்க தோண்டுற எடம் எங்க தாத்தா காலத்துல வண்டிப்பேட்டை தம்பி. மாடு வெள்ளாமையில எறங்கிரக் கூடாதுன்னு சுத்திப் பள்ளம் வெட்டிருந்தாக. லாடம் கட்டுறதும் அங்கனதான்.”

“பள்ளம் அதுக்கும் முந்தியே இருந்திருக்கலாம்ல?” அவனுடைய ரோசம் இன்னும் இறங்கவில்லை.

“இருக்கலாம் சார்” என்றாள் அல்போன்சா, பூக் கட்டுவதை நிறுத்தாமல். “எங்கப்பா ரோமாபுரி ராசாவாக்கூட இருக்கலாம். மாறுவேசத்துல வந்துருப்பாரு.”

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள். “நாளைக்கு ஆபீசர் வந்து வேலி போடச் சொல்லுவாராம்ல... ஊர்ல பேசிக்கிறாக. நெசமா?”

அவன் காளையின் கால்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அப்பாவுக்கு முதுகு போச்சு சார். இனிமே எம்புட்டு மாட்டுக்கு லாடம் அடிப்பாரு? அந்தப் பூவுலதான் எங்க சோறு.”

எழுந்து கொட்டகைக்குத் திரும்பினான்.

திங்கட்கிழமை காலை குழிக்குள் இறங்கினான். மழையில் அகழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்திருந்தது. ஆணிகள் கிடந்த மண்ணடுக்குக்கும் கீழே, அகழியின் அடித்தரையில், பச்சையாக என்னவோ மின்னியது. நகத்தால் சுரண்டி எடுத்தான்.

சோடா பாட்டில் கழுத்தில் உருளுமே, அந்தக் கோலிக்குண்டு.

அடியில் கிடப்பது முதலில் விழுந்தது, மேலே கிடப்பது பிறகு விழுந்தது. குழி வெட்டுகிறவர்கள் வயது சொல்வது இந்த ஒரே கணக்கை வைத்துத்தான். சோடாவுக்குப் பிறகு விழுந்த ஆணி ரோமாபுரி ஆணி ஆகாது.

யாரும் பார்க்கவில்லை. பக்கத்திலேயே கிணறு. எறிந்தால் ஒரு சின்னச் சத்தம்... அவ்வளவுதான். ரோட்டில் ஜீப் வரும் ஓசை கேட்டது. நிமிர்ந்தான். காட்டுக்குள் ஈரப்புடவையோடு அல்போன்சா குனிந்து பூப்பறித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கெஞ்சி ஒரு பார்வை பார்த்திருந்தாலாவது கோபப்பட்டிருப்பான். பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்... அவனிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

“என்னய்யா இது?” என்றார் அதிகாரி, அவன் நீட்டிய உள்ளங்கையைப் பார்த்து.

“சோடாக் குண்டு சார். ஆணிக்கு அடியில இருந்தது.”

“முதல் நூற்றாண்டுல சோடாவா?”

“அவங்களுக்கும் தாகம் எடுத்திருக்கும்னு எழுதலாம் சார். மனசு வரல. இது மாட்டு லாட ஆணி. நான் எழுதினது தப்பு.”

அதிகாரி குண்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதக் கடைசியோடு வேலை இல்லை என்றார். ஜீப் போய்விட்டது.

அருள்நாதன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். உடம்பில் இருந்த பதினேழு ஊரும் ஒன்றாக வலித்தது. கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது. இருந்தும் அவள் வந்தது அவனுக்குத் தெரிந்தது.

“வேலை போச்சா?”

“போச்சு.”

“எங்களுக்காகவா சார்?”

“இல்ல... உள்ளதச் சொன்னேன். அம்புட்டுதான்.” குனிந்து மண்ணைப் பார்த்தான். “அல்போன்சா... இப்பச் சொன்னதுதான் பொய். பதினோரு வருஷமா தரையவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். நிமிந்து ஒரு மொகத்தப் பாத்தது அன்னிக்கு மழையிலதான். அதுலருந்து... எனக்கு இந்த ஊர விட்டுப் போக முடியல. அன்னிக்குப் படிப்பக் கேட்டதுக்கு மன்னிச்சிருங்க.”

அவள் புடவை நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய ஒன்றும் மிச்சமில்லை.

“நானும் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“மூணு மாசமா பூவெடுக்கையில ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தனியாப் பேசிக்கிட்டு, தனியாச் சோறு தின்னுக்கிட்டு... அந்த சனிக்கெழம மழைக்கு ஒதுங்குறதுக்கு...” குரல் இறங்கியது. “ஒங்க கொட்டகைய விட எங்க வீடுதான் கிட்ட.”

அந்தக் கண்கள் தரையைப் பார்த்தன. அவன் முதல் தடவையாகத் தரையைப் பார்க்கவில்லை. தை மாதம் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்றும் மழை.

பொய் சொல்லாதவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வருஷம் முழுக்க எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை.