இருபத்தொன்றாவது பச்சைப் புள்ளி

அண்ணன் வேலை பார்க்கும் ஆபீஸில் இருப்பது இருபது கம்ப்யூட்டர். அவள் மடியிலிருந்த லேப்டாப்பில் எரிவதோ இருபத்தொரு பச்சைப் புள்ளி.

விரலை வைத்துக் கீழிருந்து மேலாக மறுபடி எண்ணினாள். இருபத்தொன்றேதான். பக்கத்து அறையில் அம்மா துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆபீஸ் காலியான பிறகு அண்ணன் அங்கே நின்று பார்த்துக்கொள்வான். அவள் வீட்டிலிருந்தே, அவன் நோட்டில் எழுதித் தந்த, எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்த நம்பர்களை ஒவ்வொன்றாக அடித்து 'எழுப்பு' பட்டனை அழுத்த வேண்டும். நம்பர் நெட்வொர்க் முழுக்கப் போகும். எந்த மெஷினுடையதோ அது மட்டும் முழித்துக்கொள்ளும்; திரையில் அதற்கொரு பச்சைப் புள்ளி எரியும்.

"அண்ணா, ஒண்ணு கூட இருக்கு," என்றாள் போனில்.

"உனக்கு எண்ண வராதுன்னு ஊருக்கே தெரியும். கணக்குல வாங்கின மார்க்கைச் சொல்லட்டா?"

"விளையாடாதே. கடைசி நம்பர்ல முதல்ல எட்டுன்னு அடிச்சுட்டேன். எதுவும் எந்திரிக்கலன்னு நினைச்சேன். அப்புறம்தான் அது எட்டு இல்ல, இங்கிலீஷ் 'பி'ன்னு தெரிஞ்சுது. உன் கோழிக்கிறுக்கல் அப்படி!"

"எட்டு போட்ட நம்பர்ல நம்மகிட்ட மெஷினே கிடையாதே."

"அப்போ எது எந்திரிச்சுது?"

இருபது கம்ப்யூட்டர்களின் உள்விசிறி ரீங்காரமும், டியூப்லைட்டின் முனகலும், அவன் செருப்பு தரையில் தேய்கிற சத்தமும் போன் வழியே வந்துகொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு விசிறி, தூசி அடைத்த தொண்டையோடு, நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து இழுக்கிற மூச்சைப் போல மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது.

"ஸ்டோர் ரூம்லேர்ந்து வருது. அங்க செத்த மெஷினாத்தான் போட்டு வச்சிருக்கோம். கரண்ட்கூடக் கிடையாது."

"போகாதே. பேசாம வீட்டுக்கு வா."

"பயந்தாங்கொள்ளி. பார்த்துட்டு வந்துடறேன், இரு."

கதவு கிறீச்சிட்டது. விசிறிச் சத்தம் பெரிதானது. கூடவே அவன் மூச்சு. வேகமாக. பிறகு இரண்டும் ஒரே தாளத்தில்.

"அதை ஆஃப் பண்ணு." கிசுகிசுப்பு. "சீக்கிரம் பண்ணுடி!"

"எப்படி? எழுப்ப மட்டும்தானே சொல்லிக் கொடுத்தே?"

விசிறி நின்றது. மூச்சும்.

திரையில் புதிதாக ஒரு வரி. புள்ளி சாம்பல் நிறம். அணைந்து கிடக்கிறது என்று அர்த்தம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சின்னு'. அண்ணனை வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர். ஆபீஸில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

வேறென்ன செய்வாள்? அவன் எழுந்தாக வேண்டும்.

அழுத்தினாள்.

பச்சை.

போனில் முதலில் விசிறி. அப்புறம் குரல். அண்ணன் குரலேதான். ஒவ்வொரு சொல்லாக.

"வீட்ல. வேற. யாரு. இருக்காங்க?"

அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்து அறையில் துணி உதறும் சத்தம் சட்டென நின்றது. கனமாக ஏதோ சரிந்தது.

திரையில் அடுத்த வரி.

'அம்மா.'

சாம்பல்.

"அழுத்து," என்றது அண்ணன் குரல்.